காற்றிலிருந்து வளர்ந்து, விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் பொருள்கள்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வேதியியல் கற்பிக்கிறேன். கரியமில வாயுவை உள்வாங்கி வளர்ந்து, விரிசல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும் பொருள்களைப் பற்றிப் பள்ளிகளிலும் ஊர் நூலகங்களிலும் பேசும்போதெல்லாம், மாணவர்கள், கொத்தனார்கள், வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள் என்று யாராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே கீழே தந்திருக்கிறேன். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டாம் என்பதற்காகக் கேள்விகளுக்கு எண் இட்டிருக்கிறேன்.

1. "காத்தக் குடிச்சி வளருத பொருளுன்னு சொல்லுதாவளே, அப்படி ஒண்ணு நெசமாவே இருக்கா டீச்சர்?"

இருக்கிறது, ஆனால் ஆய்வகத்து அளவில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் ஸ்ட்ரானோ தலைமையிலான குழுவினர், வெளிச்சமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் கிடைத்தால் தானே வளர்ந்து கெட்டிப்படும் ஒரு ஜெல்லைச் செய்து காட்டினார்கள். தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் பிளாஸ்டிக்குகள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் அவற்றைச் சூடாக்க வேண்டும், அல்லது புற ஊதாக் கதிர் காட்ட வேண்டும், அல்லது ஒரு வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். இந்த ஜெல்லோ அறையில் விழும் சாதாரண வெளிச்சத்தைக் கொண்டே, தன் உடம்புக்கு வேண்டிய கரியில் (கார்பனில்) ஒரு பகுதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது.

2. "கீரையில இருந்து எடுத்ததாம்லா. அப்ப அதுவும் ஒரு செடிதானா?"

செடியல்ல, செடியின் ஓர் உறுப்பை மட்டும் கடன் வாங்கிய பொருள். நாம் பாலக்கீரை என்று வாங்கும் கீரையின் செல்களிலிருந்து பசுங்கணிகங்களைப் பிரித்து எடுத்து ஜெல்லில் கலந்தார்கள். ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம் பசுங்கணிகம்தான். இலையை விட்டு வெளியே வந்த பிறகும் சிறிது காலம் அது வெளிச்சத்தைப் பிடித்துக் கரியமில வாயுவைக் குளுக்கோஸாக்கி வெளியே விடுகிறது. அந்தக் குளுக்கோஸை ஒரு நொதி சற்றே மாற்றிக் கொடுக்க, அது ஜெல்லில் முன்பே கலந்திருக்கும், நைட்ரஜன் அடங்கிய அமீன் வகை மூலப்பொருளோடு இணைகிறது. நாரில் பூவைத் தொடுத்துக்கொண்டே போவதைப் போல, இணைந்த துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட பாலிமர் சங்கிலியாகின்றன.

முழுப் பொருளும் காற்றிலிருந்தே பிறப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அமீன் வகை மூலப்பொருளையும் நொதியையும் நாம்தான் போட வேண்டும். காற்று தருவது சர்க்கரைப் பங்கை மட்டுமே.

3. "வெடிப்பு விழுந்தா ஆள் தொடாம எப்படி மூடும்?"

வளர்ச்சி எந்த வேலையால் நடக்கிறதோ அதே வேலைதான் பழுதையும் பார்க்கிறது. விரிசலின் இரு ஓரங்களிலும் வெளிச்சம் படும். அங்குள்ள பசுங்கணிகங்கள் குளுக்கோஸை விடும். புதிய சங்கிலிகள் இடைவெளியில் வளர்ந்து இரு கரையையும் பிணைக்கும். எங்கே உடைந்தது என்று யாரும் தேடிப் போக வேண்டியதில்லை என்பதே இந்தப் பொருளின் பெருமை.

4. "காத்துல அவ்வளவு கரி எங்கக்கா இருக்கு?"

இதைக் கேட்டவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. மொத்த விஷயத்தின் கடினமான இடத்தைத் தொட்ட கேள்வி இது. இன்றைய காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்குதான். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், அந்த அறை முழுதும் உள்ள காற்றில் சுமார் 21 கிராம் கரியமில வாயு இருக்கும். அதில் கரியின் எடை மட்டும் 6 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஓர் அறைக் காற்றை முழுவதுமாக வடித்தெடுத்தாலும் ஒரு கைப்பிடி கரிகூடத் தேறாது.

ஆகவே காற்றிலிருந்து வளரும் எந்தப் பொருளும் மெதுவாகத்தான் வளரும். மரங்களும் இந்த வறுமையோடுதான் வாழ்கின்றன. அதற்காகத்தான் அவை அத்தனை இலைகளை விரித்து வைத்திருக்கின்றன. பருமனான ஒரு கட்டியைக் காட்டி இது காற்றில் வளரும் என்று யாராவது சொன்னால், அதன் மேற்பரப்பு எவ்வளவு, எத்தனை நாளில் வளர்ந்தது என்ற இரண்டையும் கேளுங்கள்.

5. "வெயிலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்லல்லா. இங்க நல்லா வளருமே?"

வெளிச்சம் வேறு, வெப்பம் வேறு. கோடையில் பாளையங்கோட்டையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொடும்; வெயிலில் காயும் சிமெண்ட் தளத்தின் மேற்பரப்பு அதைவிடச் சூடாக இருக்கும். அந்த வெப்பத்தில் பெரும்பாலான தாவரங்களின் ஒளிச்சேர்க்கை இறங்கிவிடும். கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி, சூடு ஏற ஏற ஆக்சிஜனையும் தவறுதலாகப் பிடித்து உழைப்பை வீணாக்கும்.

இதைவிடப் பெரிய தடை ஆயுள். இலையிலிருந்து பிரித்த பசுங்கணிகம் சாதாரணமாகச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்த ஆயுளை நீட்டும் வழிகளை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டுச் சுவரின் ஆயுளோடு ஒப்பிட அது போதாது. பசுங்கணிகத்துக்குப் பதிலாக உயிரற்ற வினையூக்கி ஒன்றை வைப்பதே ஸ்ட்ரானோ குழுவினர் இலக்காகச் சொன்னது. என் பார்வையில், இந்தத் துறை பிழைப்பதும் பிழைக்காததும் அந்த வினையூக்கி கிடைப்பதைப் பொறுத்தது.

6. "இத வச்சி வீடு கட்டலாமா?"

கட்ட முடியாது. தூணாகவோ உத்தரமாகவோ நிற்கும் வலிமை இந்த ஜெல்லுக்கு இல்லை. விரிசலை நிரப்பவும் மேற்பூச்சாகவும் பயன்படலாம் என்றுதான் செய்தவர்களே சொன்னார்கள்.

7. "எங்க தாத்தா காலத்துக் காரை வீட்டுல கீறல் விழுந்தா மழைக்குப் பெறவு தானா மூடிக்கிடும். அதுவும் இதுவும் ஒண்ணுதானா டீச்சரம்மா?"

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவரின் கேள்வி இது. அவர் கண்டது முழுக்க உண்மை. காளவாசலில் சுட்ட சுண்ணாம்பை நீர்க்கவைத்து, மணலோடு அரைத்துப் பூசும் காரை, காய்வதால் மட்டும் இறுகுவதில்லை. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுவதால் இறுகுகிறது. பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால்போல வெண்மையாகுமே, அதே வினைதான் சுவரில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கிறது. சுவரின் உட்புறத்தில் இன்னும் மாறாத சுண்ணாம்பு மிச்சம் இருக்கும். மயிரிழைக் கீறல் விழுந்து அதில் மழைநீர் புகும்போது, நீர் அந்தச் சுண்ணாம்பைச் சிறிது கரைத்துக் கீறலுக்குள் கொண்டுவரும். அங்கே காற்று பட்டதும் அது கல்லாகப் படியும்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீட்டின் மட்டப்பாவை (மொட்டை மாடித் தளத்தை) பிரித்தபோது கிடைத்த காரைத் துண்டு ஒன்றை வகுப்பில் வைத்திருக்கிறேன். பழுப்பு நிறக் காரைக்கு நடுவே நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் பொடிப் பொடியாக நுரைக்கும். விரிசலுக்குள் அடைந்து கிடந்த கரியமில வாயு வெளியே வருவதை மாணவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள். தாமிரபரணியின் மேல் 1843இல் கட்டி முடிக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் போன்ற கட்டுமானங்கள், சிமெண்ட் நம் பக்கம் வருவதற்கு முன்பு இந்தச் சுண்ணாம்பை நம்பித்தான் எழுந்தன. பழைய ரோமானியர்களின் காங்கிரீட்டிலும், சுட்ட சுண்ணாம்பைச் சூடாகக் கலந்ததால் உள்ளே தங்கிய சுண்ணாம்புக் கட்டிகளே விரிசலை அடைத்திருக்கின்றன என்று அட்மிர் மாசிச் என்பவரின் குழு 2023இல் விளக்கியது.

பழுது பார்ப்பதிலும் காற்றைப் பயன்படுத்துவதிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. வேறுபடும் இடம் அடுத்த பதிலில் வருகிறது.

8. "அப்பம் எல்லாரும் சுண்ணாம்புலயே கட்டினா பூமி சூடு கொறஞ்சிருமா?"

குறையாது, ஏனென்றால் சுண்ணாம்பு எடுப்பது தான் ஏற்கெனவே வெளியே விட்டதைத்தான். தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும்; மீதி 44 கிலோ கரியமில வாயுவாகக் காளவாசல் வழியே போய்விடும். அந்த 56 கிலோ, சுவரில் ஏறிய பிறகு தன் ஆயுள் முழுதும் காற்றிலிருந்து திரும்ப எடுக்கக்கூடியது அதிகம் போனால் அதே 44 கிலோ. சுடுவதற்கு எரித்த கரியும் விறகும் விட்ட புகை இந்த வரவில் சேராது. அது சுண்ணாம்பின் கணக்கில் தீராத கடனாகவே நிற்கிறது.

சிமெண்டுக்கும் அடிப்படை இதுதான். சிமெண்ட் ஆலை உள்ள நம் தாழையூத்தில் வெட்டி எடுக்கும் கல்லும் சுடப்படும்போது அதே வாயுவைத்தான் விடுகிறது. உலகில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் சுமார் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது. கட்டி முடித்த காங்கிரீட் இதில் ஒரு பகுதியை மெல்லத் திரும்ப எடுக்கிறது: 1930 முதல் 2013 வரை சிமெண்டுக்காகக் கல்லைச் சுட்டதால் வெளியான வாயுவில் சுமார் 43 விழுக்காட்டைச் சிமெண்ட் பொருள்களே திரும்ப உறிஞ்சியிருக்கின்றன என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எரிபொருளின் புகை அந்தக் கணக்கில் இல்லை.

ஒளியில் வளரும் பொருளின் சிறப்பு இங்கேதான் விளங்கும். அது கல்லைச் சுடுவதில்லை. சூரிய ஒளியின் ஆற்றலால் புதிதாகக் கரியைப் பிடிக்கிறது. அளவு சிறிதாக இருந்தாலும் அது உண்மையான வரவு. "கரியமில வாயுவை உறிஞ்சும்" என்று ஒரு பொருளை யாராவது விற்க வந்தால், அதைச் செய்யும்போது எவ்வளவு வெளியேறியது என்று கேட்டு, வரவையும் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். நான் பேசும் இடங்களில் எல்லாம் இதை வற்புறுத்துகிறேன்.

9. "காரையில கருப்பட்டியும் கடுக்காயும் போட்டாவளே, அதுவும் கரிதான?"

கரிதான், பனையும் கடுக்காய் மரமும் காற்றிலிருந்து பிடித்த கரி. ஆனால் அவற்றைச் சேர்த்ததன் நோக்கம் வேறு. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், அதனால் படியும் கல்லின் மணிகள் பொடியாகவும் நெருக்கமாகவும் அமையும். கடுக்காய்த் துவர்ப்பு காரை இறுகும் வேகத்தையும் நீர் புகும் அளவையும் மாற்றும். உடன்குடிப் பக்கத்தில் பனை நிறைந்திருந்ததால் கருப்பட்டி கைக்கெட்டிய பொருளாக இருந்தது.

10. "பாக்டீரியா போட்ட காங்கிரீட்டு வந்துட்டுன்னு பேப்பர்ல பாத்தேன். அது இதுதானா?"

நெருங்கிய உறவு, ஆனால் கரி வரும் வழி வேறு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெங்க் யோங்கர்ஸ், காங்கிரீட்டின் கடுங்காரத்தைத் தாங்கும் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் வித்துகளையும், அவற்றுக்கு உணவாகக் கால்சியம் லாக்டேட்டையும் காங்கிரீட்டிலேயே கலந்து வைத்தார். விரிசல் வழியே நீர் புகும்போது உறங்கிக் கிடந்த வித்துகள் விழித்து, உணவை உண்டு, சுண்ணாம்புக் கல்லை உண்டாக்கி விரிசலை அடைக்கின்றன. சாதாரண காங்கிரீட் தானே அடைத்துக்கொள்வது 0.2 மிமீ வரையிலான கீறலை. இந்த முறையில் 0.8 மிமீ வரை அடைந்திருக்கிறது.

இங்கே பாக்டீரியா உண்பது நாம் வைத்த உணவை. கல்லாகும் கரியில் பெரும்பகுதியும் அதிலிருந்தே வருகிறது. ஆகவே இது தன்னைச் சரிசெய்யும் பொருள், ஆனால் காற்றிலிருந்து வளரும் பொருள் அல்ல. செய்தித்தாள்களில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

11. "நம்ம ரத்தத்துல உள்ள ஏதோ ஒண்ண வச்சி காங்கிரீட்ட ஒட்டுதாங்களாம்லா?"

ஆம். நம் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி உள்ளது. உடலில் உண்டாகும் கரியமில வாயுவை நீரோடு இணைத்து நுரையீரலுக்குக் கொண்டுசெல்ல அது உதவுகிறது. அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் நிமா ரஹ்பார் குழுவினர் 2021இல் இந்த நொதியைக் காங்கிரீட்டில் பயன்படுத்தி, காற்றிலுள்ள கரியமில வாயுவே விரிசலுக்குள் சுண்ணாம்புக் கல் படிகமாகப் படியச் செய்தார்கள். மனித இரத்தம் எதுவும் இதில் சேர்வதில்லை. மில்லிமீட்டர் அளவிலான விரிசல் ஒரு நாளில் மூடியதாகச் சொன்னார்கள். ஏழாம் பதிலில் சொன்ன சுண்ணாம்பு வினையை விரைவுபடுத்தும் வழி என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

12. "ஒரு செங்கல்லு எட்டுச் செங்கல்லா ஆவுமாம்லா, அது எப்படி?"

கொலராடோ பல்கலைக்கழகத்தில் வில் ஸ்ரூபர் குழுவினர் 2020இல் செய்து காட்டியது இது. மணலும் ஜெலட்டினும் கலந்த கலவையில் நீலப்பசும்பாசியை வளர்த்தார்கள். அது ஒளிச்சேர்க்கை செய்துகொண்டே கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்க, கலவை கல்லாக இறுகியது. அந்தக் கல்லை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதிக்கும் புதிய மணலும் ஜெலட்டினும் ஊட்டமும் கொடுத்தால் இரண்டு முழுக் கற்கள் வளரும். இப்படி மூன்று முறை செய்ததில் ஒன்று எட்டானது.

இதில் ஒரு முரண்பாடு தீராமல் நிற்கிறது. கல் நன்றாகக் காய்ந்தால்தான் வலிமை வரும். காய்ந்தால் பாசி சாகும். ஈரமாக வைத்தால் பாசி பிழைக்கும், கல் இளகும். கார் பருவத்தில் சாரல் விழும் பாபநாசத்துக்கும், மழைமறைவில் காயும் ராதாபுரத்துக்கும் ஒரே கல் ஒத்துவராது என்பது இதிலிருந்தே தெரியும்.

13. "கரியமில வாயு காங்கிரீட்டுக்கு ஆகாதுன்னு எஞ்சினியர் சொல்லுதாரு. நீங்க நல்லதுங்கிய. யார் சொல்லுதது சரி?"

இருவரும் சொல்வது சரி. அவர் கம்பியைப் பற்றிப் பேசுகிறார், நான் விரிசலைப் பற்றிப் பேசினேன். காங்கிரீட்டின் உள்ளே கடுங்காரம் இருப்பதால்தான் முறுக்குக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி அதைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வெளியிலிருந்து மெல்ல ஊடுருவிக் காரத்தைத் தணித்துக்கொண்டே வரும். அது கம்பியைத் தொட்டதும் படலம் போய்விடும், பிறகு ஈரம் பட்டால் துரு ஏறும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்பதால் மேலுள்ள காங்கிரீட் பிளந்து உதிரும்.

இதைப் பார்க்க எளிய சோதனை உண்டு. பழைய தூணிலிருந்து புதிதாக உடைத்த துண்டின் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் உட்பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். வாயு ஏறிய வெளி ஓரம் நிறம் மாறாமல் கிடக்கும். அந்த நிறமில்லாத பட்டை கம்பி வரை வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் குளோரைடும் சேர்ந்து இந்த அழிவை விரைவுபடுத்துகிறது.

ஆகவே காற்றிலிருந்து கல் வளர்க்கும் முறைகள் கம்பி இல்லாத இடங்களுக்கு முதலில் பொருந்தும்: காரைப் பூச்சு, தரை ஓடு, ஹாலோ பிளாக், சுவர்க்கல். கம்பி உள்ள இடத்தில், விரிசலை மட்டும் மூடி நீரையும் உப்பையும் தடுக்கும் முறை நல்லது; காங்கிரீட் முழுவதும் கரியமில வாயுவை ஏற்றும் முறை கெடுதல்.

14. "இவ்வளவு பாடு எதுக்கு? நாலு பனைய நட்டாப் போதாதா?"

கரியைப் பிடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் மரம் நடுவதே மேல்; இதில் எனக்கு ஐயமே இல்லை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரி. சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் மார்க் டிபிட் குழுவினர் நீலப்பசும்பாசியை ஜெல்லில் வைத்து அச்சிட்டு, 2025இல் வெளியிட்ட முடிவின்படி, 400 நாளில் ஒரு கிராம் பொருள் பிடித்த கரியமில வாயு சுமார் 26 மில்லிகிராம். அந்த முறையில் செய்து வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் நிறுத்திய மூன்று மீட்டர் உயர வடிவம் ஆண்டுக்கு 18 கிலோ வரை பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். குளிர்நாட்டு இருபது வயதுப் பைன் மரம் ஒன்றின் அளவு அது.

ஆனால் பனையை நம் மாடியின் விரிசலில் நட முடியாது. இந்தப் பொருள்களுக்குரிய வேலை, கட்டிய ஒன்றின் ஆயுளை நீட்டுவது. பத்தாண்டில் இடித்துக் கட்ட வேண்டிய ஒன்று ஐம்பதாண்டு நின்றால், அத்தனை சிமெண்ட் சுடப்படாமல் மிஞ்சும். பொருள் நேரடியாகப் பிடிக்கும் அளவைவிட அந்த மிச்சம் மிகப் பெரியது.

15. "உயிருள்ளதுன்னா நோய்கீய் வராதா? அது பாட்டுக்கு வளந்துகிட்டே போனா?"

இதுவரை சொன்னவற்றில் கீரை ஜெல்லிலும் நொதி முறையிலும் பெருகக்கூடிய உயிர் எதுவும் இல்லை. யோங்கர்ஸ் பயன்படுத்திய பாக்டீரியா வகைகளும் இந்த ஆய்வுகளில் வளர்த்த நீலப்பசும்பாசி வகைகளும் மனிதருக்கு நோய் தருவன அல்ல. கட்டுமீறிய வளர்ச்சிக்கும் வழியில்லை: வெளிச்சம், ஈரம், ஊட்டம், மூலப்பொருள் இவற்றில் ஒன்று தீர்ந்தாலும் வளர்ச்சி நின்றுவிடும். வளரவைப்பதுதான் கடினம் என்பது ஐந்தாம், பன்னிரண்டாம் பதில்களில் தெரியும்.

16. "எங்க மாடி ஒழுகுது டீச்சர். இப்பம் கடையில என்ன கேட்டு வாங்க?"

கரியமில வாயுவால் வளரும் ஜெல் எதுவும் கடையில் இல்லை. அப்படிச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள். முதலில் விரிசலைப் பாருங்கள். மயிரிழைக் கீறல், கம்பியின் மேல் துரு இல்லை என்றால், ஈரத்தோடு சேர்ந்து படிகமாகி உள்ளே அடைக்கும் சிமெண்ட் வகை நீர்க்காப்புப் பூச்சுகள் கிடைக்கின்றன. விரிசலின் ஓரத்தில் செம்பழுப்புக் கறை தெரிந்தால் பூச்சு எதுவும் பயன்படாது; உதிர்ந்ததை வெட்டியெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பிறகுதான் பூச வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் திறந்து மூடும் விரிசல் என்றால் வளையும் தன்மையுள்ள நிரப்பி வேண்டும். பழைய காரை மட்டப்பாவாக இருந்தால் அதன் மேல் சிமெண்ட் பூசுவதைத் தவிர்த்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துக் காரையைக் கெடுக்கும்.

17. "சிமெண்ட் ஆலை பொகபோக்கிப் பக்கத்துல கொண்டு வச்சா மளமளன்னு வளந்துருமா?"

நான்காம் பதிலில் சொன்ன வறுமை அங்கே இல்லை. ஆலைப் புகையில் கரியமில வாயு நூற்றில் பதினைந்து முதல் முப்பது பங்குவரை இருக்கும். ஆனால் ஒளிச்சேர்க்கைக்கு அவ்வளவு தேவைப்படாது. காற்றில் இப்போதுள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கைத் தாண்டினால், பெரும்பாலான செடிகளுக்கு அதற்கு மேல் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. பிறகு தட்டுப்பாடாவது வெளிச்சம்தான். வயலில் நிற்கும் பயிர் தன் மேல் விழும் சூரிய ஆற்றலில் நூற்றில் ஒன்று இரண்டு பங்கைத்தான் சேமிக்கிறது. புகையின் வெப்பமும் கந்தக ஆக்சைடுகளும் பசுங்கணிகத்துக்கு ஆகாது.

சுண்ணாம்பு வழியில் இறுகும் பொருள்களுக்கு நிலைமை வேறு. அடைத்த அறையில் செறிவான கரியமில வாயுவைச் செலுத்தினால், திறந்த காற்றில் மாதக்கணக்கில் நடப்பது சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடந்துவிடும். சில நாடுகளில் கம்பியில்லாத காங்கிரீட் கற்களை இப்படி இறுகவைத்து விற்கவும் செய்கிறார்கள். பதின்மூன்றாம் பதிலில் சொன்ன துருப் பயம் அவற்றுக்கு இல்லை. எட்டாம் பதிலின் கணக்கை இங்கும் போட்டுப் பார்க்க வேண்டும்: வாயுவைப் பிரித்து, அமுக்கி, லாரியில் தொலைதூரம் கொண்டுபோனால் வரவு கரைந்துவிடும். கல் செய்யும் பட்டறை ஆலையின் அருகிலேயே இருந்தால் அந்தச் செலவு பெருமளவு குறையும். தாழையூத்து வட்டாரத்தில் புகைபோக்கியும் ஹாலோ பிளாக் பட்டறைகளும் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருப்பதால், இங்கே முதலில் முயன்று பார்க்கத்தக்கது இதுவே என்று நினைக்கிறேன்.